ஸ்னோ கன் வாங்குவதற்கு முன்: ஊர் ஸ்கீ தடத்தில் செய்யக்கூடாத தவறுகள்

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரின் தியடோர் விர்த் பூங்காவில் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ (நீண்ட தடத்தில் போகும் பனிச்சறுக்கு) உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. அந்தக் குளிர்காலத்தில் அங்கே பனிப்பொழிவு மிகக் குறைவு. இயந்திரத்தால் செய்த பனிதான் கைகொடுத்தது. அதே மாதம் விஸ்கான்சினில் அமெரிக்கன் பிர்க்கபைனர் ஸ்கீ பந்தயமும் 10 கிலோமீட்டர் செயற்கைப் பனிச் சுற்றிலேயே நடந்தது. இதைப் பார்க்கிற ஊர் ஸ்கீ சங்கங்களுக்கும் தாங்களே பனி செய்து தடம் போடும் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் பெரும்பாலும் எடுத்தவுடன் ஸ்னோ கன், அதாவது தண்ணீரைத் தூவிப் பனியாக்கும் இயந்திரத்தின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். 5 மீட்டர் அகலத்தில், 30 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு கிலோமீட்டர் தடம் போட 1,500 கன மீட்டர் பனி வேண்டும். இயந்திரப் பனி அடர்த்தியானது. கன மீட்டருக்கு 400 முதல் 500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆக, குறைந்தது 6 லட்சம் லிட்டர். காற்று அடித்துக்கொண்டு போவது தனி. குளத்தில் அவ்வளவு தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. குளிர் மூன்று இரவுதான் நிற்கும், இரவுக்குப் பத்து மணி நேரம் ஓட்டலாம் என்றால், மணிக்கு 20,000 லிட்டர் இறைக்கும் பம்பும் மும்முனை மின்சாரமும் வேண்டும்.

அடுத்தது தரை. கல், வேர்க்கட்டை, மேடு பள்ளம் எல்லாவற்றையும் கோடையிலேயே சரிசெய்யாமல் விட்டால் பனியை வைத்துத்தான் அவற்றை மூட வேண்டியிருக்கும். 10 சென்டிமீட்டர் கூடினாலே கிலோமீட்டருக்கு இன்னும் 2 லட்சம் லிட்டர். என்னைக் கேட்டால், கையில் இருக்கும் முதல் காசை மண்வேலையில்தான் போட வேண்டும்.

ஸ்னோ கன்னுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்க்கு வாட்டம் கொடுக்காமல் புதைப்பது இன்னொரு தவறு. இயந்திரம் நின்றதும் தாழ்ந்த இடத்தில் தேங்குகிற தண்ணீர் உறைந்து விரியும். விடிவதற்குள் வால்வு வெடித்திருக்கும். தாழ்ந்த இடம் ஒவ்வொன்றிலும் வடிகால் வால்வு வையுங்கள்.

தெர்மாமீட்டரை மட்டும் நம்பவும் கூடாது. ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்லும் ஈரக்குமிழ் வெப்பநிலைதான் கணக்கு. அது மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். காற்று நன்றாக வறண்டிருந்தால் 0 டிகிரியிலும் பனி செய்யலாம். மூடுபனி இருந்தால் மைனஸ் 1 டிகிரியிலும் தண்ணீர்தான் விழும்.

அப்புறம், தடத்தின் நீளம். ஐந்து கிலோமீட்டருக்கு மெல்லிசாகப் பரப்பினால் வெயில் படும் ஒரு வளைவு கரைந்ததுமே முழுச் சுற்றையும் மூட வேண்டியதுதான். நிழலான இடத்தில், வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒன்றரை கிலோமீட்டர் கனமாகப் போட்டால் பள்ளிப் பிள்ளைகள் தினமும் வந்து பழகலாம். குவித்த பனியை உடனே பரப்பாமல் ஓரிரு நாள் நீர் வடிய விடுங்கள்.

பனியை அடுத்த குளிர்காலத்துக்குச் சேமிக்கவும் வழி உண்டு. அமெரிக்காவின் வெர்மான்டில் உள்ள கிராஃப்ட்ஸ்பரி ஸ்கீ மையத்தில் மரச்சீவலால் மூடிவைத்த பனியில் பாதிக்கு மேல் 2019 கோடையைத் தாண்டியது. நல்ல வழிதான், ஆனால் உங்கள் முதல் தடம் இரண்டு மூன்று குளிர்காலம் ஒழுங்காக ஓடிய பிறகு அதை யோசித்தால் போதும்.