சாவி தொலைந்த லாக் நட்டைக் கழற்றுவது எப்படி?

அலாய் வீலில் மற்ற நட்டுகளெல்லாம் அறுகோணமாக இருக்க, ஒன்று மட்டும் வழவழப்பான உருளையாக, முகத்தில் நெளிவான பள்ளத்தோடு இருக்கும். அதுதான் வீல் திருட்டைத் தடுக்கும் லாக் நட். அந்த நெளிவில் பொருந்தும் சிறு அடாப்டரைத்தான் சாவி என்கிறோம். அது இல்லாவிட்டால், டிக்கியில் ஸ்டெப்னி இருந்தும் பயனில்லை.

முதலில் நன்றாகத் தேடுங்கள். ஸ்டெப்னிக் குழி, ஜாக்கித் தட்டு, டேஷ்போர்டு பெட்டி, சீட்டுக்கு அடி என்று ஒன்றையும் விடாதீர்கள். கடைசியாக டயர் கழற்றிய கடையிலும் கேளுங்கள். அவர்களுடைய சாக்கெட்டுக்குள்ளேயே சாவி மாட்டிக்கொண்டு நின்றுவிடுவது சகஜம். சாவியோடு வந்த அட்டையில் குறியீட்டு எண் இருந்தால் அதைக் காட்டிப் புதுச் சாவி வாங்கலாம். வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால் அதுவே சிறந்த வழி.

எதுவும் கிடைக்கவில்லையா? எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் வாங்குங்கள். அதன் உள்ளே இடப்பக்கச் சுருளாக வெட்டிய பற்கள் இருக்கும். திருகத் திருக நட்டை இன்னும் இறுக்கிக் கடிக்கும். அது கிடைக்காத இடத்தில் விலை குறைந்த 12 முனை சாக்கெட் போதும். இவற்றோடு 1 கிலோவுக்கு மேற்பட்ட சுத்தியல், அரை அங்குல பிரேக்கர் பார் (சாக்கெட்டைத் திருப்பும் நீளக் கைப்பிடி), விட்டம் அளக்க வெர்னியர், கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை வேண்டும். கண்ணாடி இல்லாமல் சுத்தியலைத் தொடாதீர்கள். கடினமாக்கிய எஃகு அடிபட்டால் சில்லு தெறிக்கும்.

1. சமதரையில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கி இப்போது வேண்டாம்.

2. மற்ற நட்டுகளைத் தளர்த்தாதீர்கள். ஆரம்பத்தில் பலர் செய்யும் தவறு இது. அவற்றைக் கழற்றினால் வீலைப் பிடித்திருக்கும் பாரம் முழுவதும் லாக் நட்டின் மேல் வந்து, அது இன்னும் முரண்டு பிடிக்கும்.

3. நட்டின் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். 20 மி.மீ. என்றால் 19 மி.மீ. சாக்கெட்தான் சரி. கையால் தள்ளினாலே உள்ளே போகிற சாக்கெட் வழுக்கும். நட்டின் வாயில் மட்டும் உட்கார்ந்து, அடித்தால்தான் இறங்குவேன் என்று நிற்பதே வேண்டும். அலாய் குழியின் சுவரில் உரசாத அளவுக்கு அது மெல்லியதாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. சாக்கெட்டை நேராக வைத்து அடியுங்கள். மனம் அவசரப்படும் இடம் இதுதான். கோணலாக ஒரு அடி விழுந்தாலும் பற்கள் ஒரு பக்கம் சீவிவிடும், அப்புறம் அந்த நட் எந்த சாக்கெட்டுக்கும் பிடி கொடுக்காது. ஆரம்பத்தில் ‘டக் டக்’ என்று எழும் சத்தம், சாக்கெட் ஆழமாக இறங்கியதும் கனத்த ‘தொம்’ ஆக மாறும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேலும் ஓங்கி அடித்தால் வீல் பேரிங்குக்குத்தான் சேதம்.

5. பிரேக்கர் பாரை மாட்டி, உலுக்காமல் நிதானமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நட் சுற்றும்படி அழுத்துங்கள். ‘கிறீச்’ என்ற சத்தத்தோடு நட் விட்டுக்கொடுக்கும். பிறகு மற்ற நட்டுகளையும் தளர்த்தி, ஜாக்கி போட்டுக் கழற்றலாம்.

சாக்கெட்டுக்குள் சிக்கிய நட்டை எடுக்க, சாக்கெட்டை வைஸில் பிடித்து, பின்பக்கச் சதுர ஓட்டை வழியே கம்பி விட்டுத் தட்டுங்கள். சிலவற்றில் அது வெளியே வராது. எனவே நான்கு வீலுக்கும் செய்வதென்றால் கூடுதல் சாக்கெட் வைத்திருங்கள்.

நட்டைத் திருப்பும்போது வெளிவளையம் மட்டும் தனியாகச் சுற்றினால், அது திருட்டைத் தடுக்கவே அப்படிச் செய்த வகை. அதை அடித்துப் பயனில்லை, அதற்கான கருவி வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். டயர் மாட்டியிருக்கும்போது யாராவது நட்டில் வெல்டிங் வைக்கவோ கேஸ் சூடு காட்டவோ சொன்னால் சம்மதிக்காதீர்கள். சூட்டில் டயர் வெடிக்கலாம், அலாயும் பலம் இழக்கும்.

புது நட் வாங்கும்போது மரை மட்டும் பொருந்தினால் போதாது. அடிப்பாகம் கூம்பா, உருண்டையா என்று பழைய நட்டோடு ஒப்பிடுங்கள். மாறினால் நட் சரியாக உட்காராமல் ஓட ஓடத் தளரும். நட் ஏறும் போல்ட்டான ஸ்டட்டின் மரை நசுங்கியிருந்தால் ஸ்டட்டையே மாற்றுங்கள். முதலில் கையால் திருகி, பிறகு முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்குங்கள். சிறு கார்களுக்கு அது பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.