நர்சிங் வகுப்புக்கு ஒரு பாம்புக்கடி கேஸ்: லூமியில் மெய்நிகர் சிமுலேஷன் செய்வது எப்படி?

பாளையங்கோட்டையில் நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பெடுக்கிறேன். வார்டு போஸ்டிங்கில் எல்லாருக்கும் எல்லா கேஸும் அமையாது. அமைந்தாலும் ஓரமாக நின்று பார்ப்பதோடு சரி. முடிவெடுத்துப் பழக வேறு இடம் வேண்டும்.

வி.ஆர். ஹெட்செட் வாங்காதீர்கள், ஒன்றை வைத்துக்கொண்டு வகுப்பே வரிசையில் நிற்கும். லூமி என்ற இலவச மென்பொருள் போதும். நிறுவி, அதிலுள்ள எச்5பி (ஊடாடும் பாடங்கள் செய்யும் கருவி) வகைகளில் ‘பிராஞ்சிங் சினாரியோ’வை எடுங்கள்; மாணவி எடுக்கும் முடிவுக்கேற்ப கதை கிளை பிரியும் வகை அது.

முதலில் கதையைத் தாளில் எழுதுங்கள். என் கேஸ்: அம்பாசமுத்திரம் பக்கம் வயல் அறுப்பில் காலில் கடிபட்டவர், ஈறில் ரத்தக் கசிவு. முதல் முடிவு, விஷத்தால் ரத்தம் உறையாமல் போகிறதா என்று பார்க்கும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. 2 மி.லி. ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் வைக்க வேண்டும். மாணவி தேர்ந்தெடுக்கும் வழிகளில் பிளாஸ்டிக் குழாயையும் ஒன்றாகக் கொடுங்கள். அதில் உறைய வேண்டிய ரத்தமும் உறையாதது போலக் காட்டிவிடும்.

அடுத்ததுதான் முக்கியம். தப்பான வழிக்குச் சிவப்பில் ‘தவறு’ என்று போடவே போடாதீர்கள். நோயாளியின் நிலை மாறட்டும். உதாரணமாக, விஷமுறிவு மருந்து ஏறும்போது ஒவ்வாமையால் உடம்பெல்லாம் தடிப்பு. மனைவி ஓடி வருகிறார்: “சிஸ்டர், அவுகளுக்கு மூச்சு முட்டுது, செத்த வந்து பாருங்க!” (புத்தகத் தமிழ் வேண்டாம், வார்டில் கேட்கும் பேச்சையே எழுதுங்கள்.) மாணவி மருந்து இறங்கும் சொட்டை மட்டும் குறைத்தால், அடுத்த திரையில் பி.பி. 70/40-க்கு இறங்கியிருக்கும். அங்கேயும் கேள்வி. மருந்தை நிறுத்தி, டாக்டரை அழைத்து, அட்ரினலின் 0.5 மி.கி. தொடைத் தசையில் போடும் முடிவுக்கு அவளே வந்து சேரட்டும்.

அப்புறம் டீபிரீஃபிங், அதாவது முடித்தபின் நடந்ததை உட்கார்ந்து பேசி அலசுவது. விளையாடிய நேரத்தைவிட இதற்கு அதிகம் ஒதுக்குங்கள். “சொட்டைக் குறைத்தபோது என்ன நினைத்தாய்?” என்று தொடங்கினால் பேசுவார்கள். கிளினிக்கல் நேரத்தில் பாதி வரை தரமான சிமுலேஷனால் ஈடுசெய்யலாம் என்று 2014-ல் வந்த அமெரிக்க ஆய்விலும், டீபிரீஃபிங் நடத்தியவர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். ஊசி போடும் கைப்பழக்கம் மட்டும் ஸ்கில் லேபில்தான் வரும்.

பின்சேர்க்கை: செய்த கேஸை வாட்ஸப்பில் அனுப்பினால் திறக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். லூமியில் ஒரே எச்.டி.எம்.எல். கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள், மாணவிகளை அதைப் போனில் சேமித்து க்ரோமில் திறக்கச் சொல்லுங்கள். வீடியோ சேர்த்தால் கோப்பு பெருத்துவிடும், படங்களே போதும்.