ஆயாவின் தகரப் பெட்டியில் ஒரு புட்டி: விக்டோரியா காலத்து அற்புத மருந்துகளைப் படித்தறியும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய வீட்டைக் காலி செய்கிற தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். கரும்புத் தோட்டத்து பாரக்ஸ் (கூலியாள்களின் வரிசைக் குடியிருப்பு) நாள்களிலிருந்து கூடவே வந்த தகரப் பெட்டியைத் திறந்தால், பழைய கடிதங்களுக்கும் துருப்பிடித்த பாக்குவெட்டிக்கும் நடுவே ஒரு சிறு கண்ணாடிப் புட்டி கிடக்கும். கண்ணாடியில் ஏதோ ஒரு பெயர் புடைத்திருக்கும். பாதி கிழிந்த சீட்டில் காலரா, இருமல், நரம்புத் தளர்ச்சி, தூக்கமின்மை என்று பத்துப் பன்னிரண்டு நோய்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். அதைக் குப்பையில் எறிவதற்கு முன் படித்துப் பார்க்கலாம். எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே மிச்சம் இருந்தால் முகர்ந்தும் பார்க்காதீர்கள். அக்காலத்து மருந்துகளில் அபின், பாஷாணம் (ஆர்சனிக்), பாதரச உப்பு ஆகியவை சாதாரணமாகக் கலந்திருந்தன. நூறாண்டு கடந்தாலும் பாஷாணம் பாஷாணமாகவே இருக்கும். நீல நிறமும், பக்கங்களில் வரிவரியான மேடும் உள்ள புட்டி என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை, ஏனெனில் இருட்டில் கையால் தடவியே நஞ்சு என்று தெரிந்துகொள்ளத்தான் அப்படி வார்த்தார்கள். உள்ளே இருப்பதைத் தொட்டியில் ஊற்றாமல் அருகிலுள்ள மருந்துக்கடையில் ஒப்படைத்து, அழிக்கச் சொல்லுங்கள்.

காலத்தைக் கணிக்கப் புட்டியின் பக்கவாட்டில் ஓடும் அச்சுத் தையலை, அதாவது வார்ப்பச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோட்டை, பாருங்கள். அது கழுத்தோடு நின்று, வாய் விளிம்பு தனியாகக் கையால் முடிக்கப்பட்டதுபோல் இருந்தால் பழைய முறையில் செய்தது. தையல் விளிம்பு வரை ஏறியிருந்தால், 1903-ஐ ஒட்டி அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் உருவாக்கிய தானியங்கி இயந்திரத்துக்குப் பிந்தையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிரிட்டிஷ் வடிவமைப்புப் பதிவெண் பொறிக்கப்பட்டிருந்தால், அந்த எண்வரிசை 1884-இல்தான் தொடங்கியது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இனிச் சீட்டுக்கு வருவோம். ‘பேட்டன்ட் மருந்து’ என்ற பெயரே முதல் பொறி. பேட்டன்ட், அதாவது காப்புரிமை, வாங்க வேண்டுமானால் செய்முறையை அரசிடம் வெளிப்படுத்த வேண்டும். ஆகையால் பெரும்பாலான வியாபாரிகள் அதை வாங்கவே இல்லை. பெயரையும் புட்டியையும் முத்திரையையும் பாதுகாத்துக்கொண்டு, உள்ளிருப்பதை மறைத்தார்கள். பிரிட்டனில் 1783 முதல் இத்தகைய மருந்துகளுக்கு முத்திரை வரி இருந்தது. வரி கட்டியதற்கான அரசாங்கத் தாள் மூடியின்மேல் ஒட்டப்பட்டிருந்ததால், அரசே சான்றளித்த மருந்து என்று வாங்குபவர்கள் எண்ணினார்கள். வியாபாரிகளும் அந்த எண்ணத்தைக் கலைக்கவில்லை. கடைசியில், இது அரசின் உத்தரவாதம் ஆகாது என்று முத்திரையிலேயே அச்சிட வேண்டிவந்தது.

அந்த வரியின் தடம் விலையிலும் இருக்கும். 1 ஷில்லிங் 1½ பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்) என்ற விந்தையான விலையைக் கண்டால், மருந்துக்கு ஒரு ஷில்லிங், முத்திரைக்கு ஒன்றரைப் பென்ஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்தாமல், அந்த விலையை நம் முன்னோரின் கூலியோடு ஒப்பிடுங்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களுக்கும், அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்கும், நேட்டால் (டர்பனைச் சூழ்ந்த அன்றைய பிரிட்டிஷ் குடியேற்றம்) ஒப்பந்தப்படி முதலாண்டு மாதக் கூலி 10 ஷில்லிங். லண்டன் விலையிலேயே கணக்கிட்டாலும் ஒரு பெட்டி மாத்திரை ஒரு மாதக் கூலியில் ஒன்பதில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது கரும்புக் காட்டில் ஏறக்குறைய மூன்று நாள் உழைப்பு. பீச்சம் மாத்திரைப் பெட்டியின் விளம்பரம் ‘ஒரு கினி பெறும்’ என்று கூவியது. கினி என்பது 21 ஷில்லிங். 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதைப் பகுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்தவை கரியபோளம், சுக்கு, சோப்பு. 56 மாத்திரைகளுக்கான சரக்கின் அடக்க விலை அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு.

மேலே நான் எழுதிய பெயர்களைக் கவனித்திருப்பீர்கள். ரகசிய மருந்தின் பகுப்பாய்வு கிடைத்துவிட்டால், அதை நாட்டு மருந்துக் கடைப் பெயர்களில் மாற்றி எழுதிவிடுங்கள். மருமம் அங்கேயே கரைந்துவிடும். ‘வெளிறிய மக்களுக்கான டாக்டர் வில்லியம்ஸின் இளஞ்சிவப்பு மாத்திரை’ என்று உலகெங்கும் விளம்பரமான சரக்கின் முக்கியப் பொருள் இரும்பு உப்பு. நம் வழக்கில் அன்னபேதி, அதன்மேல் சர்க்கரைப் பூச்சு. இரத்தசோகைக்கு இரும்பு உதவும் என்பது உண்மைதான். ஆனால் பக்கவாதத்துக்கும் முடக்குவாதத்துக்கும் அதே மாத்திரை என்று சொன்ன இடத்தில்தான் மோசடி நுழைந்தது. 1850-இல் போர்ட் எலிசபெத்தில் தொடங்கிய லென்னன் நிறுவனத்தின் டச்சு மருந்துப் புட்டிகள் இந்நாட்டில் வீட்டுக்கு வீடு புழங்கியவை. அவற்றில் ‘டேவல்ஸ்ட்ரெக்’, அதாவது பிசாசின் மலம், என்று ஒன்று உண்டு. பயந்துவிட வேண்டாம், அது பெருங்காயம். ரசத்தில் போடுவதையும், வயிறு உப்பிய குழந்தைக்குத் தொப்புளைச் சுற்றித் தடவுவதையும், சிறு புட்டியில் அடைத்து அந்நியப் பெயரிட்டு நமக்கே விற்றிருக்கிறார்கள். அதே வரிசையிலுள்ள ஹார்லமென்சிஸ் ஆளிவிதை எண்ணெய், கந்தகம், டர்பன்டைன் சேர்ந்த பழைய ஹாலந்துத் தைலம்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை காசுக்குக் கேடாக இருந்தவை. உயிருக்கே கேடானவற்றைப் படிக்கக் கூடுதல் நிதானம் வேண்டும். எங்கள் வீட்டில் கிடைத்தது ஒரு குளோரோடைன் புட்டி. இந்தியாவில் பிரிட்டிஷ் படையில் மருத்துவராக இருந்த ஜான் காலிஸ் பிரவுன் 1848-இல் அமைத்த கலவை அது. அபின் சாரம், கஞ்சாச் சாரம், குளோரோஃபார்ம் மூன்றும் அதன் உயிர்நாடி. 1856 முதல் லண்டனில் டேவன்போர்ட் என்பவர் அதை விற்றார். போலிகள் பெருகி, 1864-இல் யாருடையது அசல் என்ற வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. ‘அந்த மருந்து நன்றாகக் கேட்டது’ என்று என் பெரியத்தை இன்றும் சாதிப்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அபின் குடலின் இயக்கத்தை மந்தப்படுத்தும், இருமலை அடக்கும், வலியை மறக்கடிக்கும், உறங்க வைக்கும். ஆகவே சீட்டிலுள்ள பத்து நோய்களில் எட்டின் அறிகுறி அன்றிரவே அடங்கும். காலராவில் உடம்பிலிருந்து வற்றிப்போன நீரும் உப்பும் மட்டும் திரும்பி வராது. எனவே ஒரு புட்டியைப் படிக்கும்போது, வேலை செய்ததா என்ற கேள்வியோடு எதன்மேல் வேலை செய்தது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். அடுத்த புட்டியை வாங்க வைத்தது நோயா, பழக்கமா என்பதையும் கேளுங்கள்.

குழந்தைகளுக்கான ‘சாந்தி சிரப்’ வகைகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். 1849-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் விற்பனைக்கு வந்த திருமதி வின்ஸ்லோ சிரப்பில் மார்பின் இருந்தது. பல் முளைக்கும் குழந்தை அழுகையை நிறுத்தியது அதனால்தான், சில குழந்தைகள் விழிக்காமலே போனதும் அதனால்தான். சீட்டில் ‘நஞ்சு’ என்ற சொல் இல்லாததை வைத்துத் தீங்கற்றது என்று முடிவு கட்டாதீர்கள். 1868-இல் பிரிட்டன் இயற்றிய மருந்தியல் சட்டம் அபினுக்கு நஞ்சுச் சீட்டு கட்டாயம் என்றது. ஆனால் பேட்டன்ட் மருந்துகளுக்கு விலக்கு அளித்தது.

அடுத்து, மருந்து பிறந்த கதை. மலைவாழ் மூப்பர் சொன்ன வேர், யாரும் அறியாத தீவின் மூலிகை என்று ஒரு கதை இல்லாத சர்வரோக நிவாரணி அரிது. அந்தக் கதையை மருந்திலிருந்து பிரித்துத் தனியே சோதிக்க வேண்டும். ‘பைல் பீன்ஸ்’ என்ற பேதி மாத்திரையைச் சார்ல்ஸ் ஃபோர்ட் என்ற அறிவியலாளர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் மூலிகையிலிருந்து கண்டுபிடித்ததாக விளம்பரம் சொன்னது. அதே பெயரில் சரக்கு விற்ற எடின்பரோ மருந்துக்கடைக்காரர்மீது பைல் பீன்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில், அப்படியொரு அறிவியலாளரே இல்லை என்பது வெளியாயிற்று. மோசடியின்மேல் கட்டிய வியாபாரத்துக்குப் பாதுகாப்புத் தர 1906-இல் ஸ்காட்லாந்து நீதிமன்றம் மறுத்தது.

கதை உண்மையாக இருந்தும் உரிமைகோரல் பொய்யாக இருக்கலாம். இதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. பர்மிங்ஹாமைச் சேர்ந்த சார்ல்ஸ் ஹென்றி ஸ்டீவன்ஸ் என்ற இளைஞர் சயரோகத்தோடு 1897-இல் தென்னாப்பிரிக்கா வந்தார். பாசுட்டோ இன (தென்னாப்பிரிக்கப் பகுதியின் கறுப்பின மக்கள்) வைத்தியர் ஒருவர் கொடுத்த வேர்க் கஷாயத்தைக் குடித்துத் தேறினார். பிறகு அதையே சயரோக மருந்தாக விற்றார். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதைப் போலி மருந்து என்று எழுத, அவர் வழக்குத் தொடுத்து 1914-இல் தோற்றார். அந்த வேர் இங்கே வளரும் பெலர்கோனியம் சிடாய்டிஸ் என்று பின்னாளில் அடையாளம் காணப்பட்டது. இன்று ஜெர்மனியில் அதன் சாறு மூச்சுக்குழல் அழற்சிக்கு விற்கப்படுகிறது. சயரோகிகளில் ஒரு பகுதியினர் மருந்தே இல்லாமலும் தேறுவதுண்டு என்பதால், ஒருவர் பிழைத்ததை வைத்து வேரின் வலிமையை அளக்க இயலாது. பாசுட்டோ வைத்தியரின் அறிவை இழிவாகப் பேசிய லண்டன் மருத்துவர்களிடமும் எனக்குச் சற்று மனத்தாங்கல் உண்டு.

பரிசுப் பணம் அறிவிக்கும் விளம்பரம் கிடைத்தால் நிபந்தனைகளைப் பொடி எழுத்து வரை படியுங்கள். 1891-இல் கார்பாலிக் புகைப் பந்து என்ற ரப்பர் பந்தை நாளுக்கு மூன்று முறை இரண்டு வாரம் மூக்கில் உறிஞ்சியும் இன்ஃபுளுவென்சா வந்தால் 100 பவுண்டு தருவதாகவும், அதற்காக 1,000 பவுண்டு வங்கியில் போட்டிருப்பதாகவும் விளம்பரம் வந்தது. பந்தின் விலை 10 ஷில்லிங்; நேட்டால் கூலியாளின் ஒரு மாதச் சம்பளம். லூயிசா கார்லில் என்ற பெண்மணிக்குச் சொன்னபடி செய்தும் காய்ச்சல் வந்தது. 1892 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பணத்தைக் கொடு என்றது. பிறகு வந்த விளம்பரத்தில் பரிசு 200 பவுண்டாக உயர்ந்தது. கூடவே நிபந்தனைகளும் பெருகின.

உங்கள் புட்டியின் விளம்பரத்தைத் தேட 1846-இல் தொடங்கிய நேட்டால் விட்னஸ், 1852-இல் தொடங்கிய நேட்டால் மெர்குரி ஆகியவற்றின் பழைய இதழ்களைப் பாருங்கள். 1903-இல் டர்பனில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியனில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. பிற்காலத்தில் காந்தி அதில் விளம்பரங்களையே நிறுத்திவிட்டதால் தொடக்க ஆண்டுகளின் இதழ்களே உங்களுக்குப் பயன்படும். டர்பனின் பெரியா மேட்டிலுள்ள கில்லி கேம்ப்பெல் நூலகத்திலும், வெஸ்ட்வில் வளாகத்து காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு செல்லுங்கள். விளம்பரப் பத்தியை மட்டும் படமெடுக்காமல் முழுப் பக்கத்தையும் எடுங்கள். செய்தி போலவே அச்சிடப்பட்ட ‘இன்ன ஊர்க்காரர் குணமடைந்தார்’ என்ற கட்டுரைக்குப் பக்கத்திலேயே அதே மருந்தின் விளம்பரம் இருப்பது அப்போதுதான் தெரியும். புட்டியைக் கழுவாமல், சீட்டைப் பிய்க்காமல், எந்த வீட்டில் எந்தப் பெட்டியில் யார் காலத்தில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கட்டிவையுங்கள்.