எட்டோஷாவில் விலங்கு பார்க்க வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்

நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். 22,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்த இடமாயிற்றே, எதையும் விட்டுவிடக் கூடாது என்று விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். வேண்டவே வேண்டாம். தண்ணீர்க்குட்டை ஓரமாக உட்கார்ந்தால் விலங்குகள் தாமாகவே வரும்.

அங்கே நிலம் அப்படி. பூங்காவின் நடுவில் சுமார் 4,800 சதுர கிலோமீட்டருக்கு வெறும் உப்புப் படுகை, பார்த்தாலே கண் கூசும் வெள்ளை. நல்ல மழை பெய்த வருடத்தில் அதில் கொஞ்சம் தண்ணீர் தேங்கிப் பூநாரைகள் வரும், அவ்வளவுதான். ஆனால் அதன் தெற்கு விளிம்பில் நிலத்தடி நீர் ஊற்றாகச் சுரக்கிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை மழையே இருக்காது, அதனால் யானை, வரிக்குதிரை, சிங்கம் எல்லாவற்றுக்கும் இந்தக் குட்டைகளை விட்டால் வழியில்லை. நீங்கள் போக வேண்டியதும் அந்த மாதங்களில்தான்.

காலையில் கதவு திறந்ததும் ஒரே குட்டையைத் தேர்ந்தெடுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரமாவது இருங்கள். கீழே மட்டும் இறங்காதீர்கள், வேலி போட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்க அனுமதி இல்லை. குட்டை காலியாக இருக்கிறதே என்று கிளம்பிவிட வேண்டாம், தூரத்தில் ஸ்பிரிங்பாக் மான்கள் குடிக்க வராமல் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றால் அங்கே புல்லுக்குள் சிங்கம் படுத்திருக்க வாய்ப்பு அதிகம். ஒட்டகச்சிவிங்கி வந்தால் பொறுமையாகப் பாருங்கள், முன்கால்களை அகல விரித்துத் தலையைத் தாழ்த்தினால் சட்டென்று எழ முடியாது என்பதால் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் குனியும். யானைகள் வெள்ளைச் சேறு பூசிச் சாம்பல் பூத்தாற்போல் வரும், அவை வரும் பாதையை மட்டும் மறித்து நிற்காதீர்கள்.

அப்புறம், ஒரு இரவாவது பூங்காவுக்குள்ளேயே தங்குங்கள். சூரியன் மறைந்ததும் கதவை மூடிவிடுவார்கள், ஆனால் ஒகாகுவேயோ முகாமின் குட்டைக்கு இரவு முழுக்க விளக்கு உண்டு. வெளியே எங்கும் எளிதில் பார்க்கக் கிடைக்காத கருப்புக் காண்டாமிருகம் அங்கே தண்ணீர் குடிக்க வரும். பேச்சு, ஃபிளாஷ் இரண்டும் கூடாது. ஜூலையில் போனால் கெட்டியான ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், நடுராத்திரி குளிர் தாங்காமல் அறைக்குத் திரும்பிவிட்டால் காண்டாமிருகத்தைத் தவறவிடுவீர்கள்.