பனிமலைக்குப் போகுமுன் பிராங்க் வாங்குவது எப்படி? நெல்லைக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

திருநெல்வேலியில் திர்ஹாமும் ரியாலும் கேட்டால் உடனே எடுத்து நீட்டுவார்கள். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அந்தப் பணம் இங்கே எப்போதும் புழங்கிக்கொண்டே இருக்கும். சுவிஸ் பிராங்க் கேட்டுப் பாருங்கள். "அங்க யாரு இருக்கா?" என்று முதலில் விசாரணை நடக்கும். பனிச்சறுக்கு விளையாடப் போகிறோம் என்றால் இன்னும் இரண்டு கேள்வி கூடும்.

சுவிட்சர்லாந்தை வைத்தே சொல்கிறேன். ஆஸ்திரியா, பிரான்ஸ், இத்தாலி போகிறவர்கள் பிராங்க் என்று வரும் இடத்தில் யூரோ என்று வாசித்துக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான். பல்கேரியாவின் பான்ஸ்கோவுக்குப் போனாலும் இப்போது யூரோதான். 2026 ஜனவரி 1 முதல் அங்கே லெவ் கிடையாது. ஜார்ஜியா, கஜகஸ்தான் போகிறவர்களுக்கு வழி வேறு. அதைக் கடைசிக்கு முன் சொல்லியிருக்கிறேன்.

படி 1: ரொக்கம் எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பெரிய செலவு எதற்கும் ரொக்கம் தேவையில்லை. ஓட்டல், லிப்ட் பாஸ் (மலைமேல் ஏற்றிவிடும் லிப்டுக்கான டிக்கெட் அட்டை), ஸ்கீ பலகையும் பூட்ஸும் வாடகைக்கு எடுப்பது, பயிற்சி வகுப்பு எல்லாமே கார்டில் நடக்கும், பாதியை ஊரிலிருந்தே ஆன்லைனில் கட்டிவிடலாம். ரொக்கம் வேண்டியிருப்பது சில்லறை விஷயங்களுக்கு. மலைச்சரிவில் தனியாக நிற்கும் சின்ன உணவகங்களில் சில ரொக்கம் மட்டுமே வாங்கும். கார்டு மெஷின் இருந்தாலும் சிக்னல் கிடைக்காமல் படுத்துவதும் உண்டு. லாக்கர், கட்டணக் கழிப்பறை, சறுக்குவண்டிக்கு முன்பணம், சில இடங்களில் லிப்ட் பாஸ் அட்டைக்கே சில பிராங்க் டெபாசிட், கடைசி நாளில் பயிற்சியாளர் கையில் கொடுக்கும் அன்பளிப்பு. அவ்வளவுதான்.

என் கணக்கு, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 பிராங்க். நாலு பேர் குடும்பம் ஆறு நாள் போனால் 400 பிராங்க் போதும், பிள்ளைகளுக்குப் பாதிதான் ஆகும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறு பிராங்க் கட்டிக்கொண்டு போகாதீர்கள். புதிதாகச் சறுக்குகிறவர் நாள் முழுக்க விழுந்து எழுந்துகொண்டே இருப்பார். ஜிப் போடாத பையிலிருந்து பனியில் விழுந்த நோட்டு விழுந்ததுதான்.

சட்டப்படி ஒரு பயணத்துக்கு ஒருவர் 3,000 டாலர் மதிப்புக்கு வெளிநாட்டு நோட்டுகள் வாங்கலாம். நாம் அந்தப் பக்கமே போகப் போவதில்லை.

படி 2: மீதிப் பணத்தைக் கார்டில் ஏற்றுங்கள்

வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் கார்டுக்குப் பாரெக்ஸ் கார்டு என்று பெயர். அதை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இதில் பிராங்க் ஏற்ற முடியுமா?" பல நாட்டுப் பணம் ஏற்றும் கார்டு என்று விளம்பரம் இருக்கும், பட்டியலில் பிராங்க் இருக்காது. டாலரை ஏற்றிக்கொண்டு போய் பிராங்கில் செலவு செய்தால் ஒவ்வொரு முறையும் 3, 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணம் போகும். பட்டியலில் பிராங்க் இருந்தால் பிராங்காகவே ஏற்றிவிடுங்கள்.

கூடவே உங்கள் சொந்த வங்கியின் கார்டு ஒன்றும் கையில் இருக்கட்டும், ஒன்று தொலைந்தால் இன்னொன்று உதவும். ஆனால் அதை வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதி வழக்கமாக முடக்கப்பட்டே இருக்கும். வங்கி ஆப்பில் போய் நீங்கள்தான் திறந்துவிட வேண்டும். ஓடிபி வருவது உங்கள் இந்திய சிம்முக்கு என்பதால் ரோமிங்கையும் போட்டுவிடுங்கள். இந்த இரண்டையும் வண்ணார்பேட்டையில் இருக்கும்போதே செய்யுங்கள், சூரிச்சில் போய் வாடிக்கையாளர் சேவையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

யுபிஐயை நம்பிப் போக வேண்டாம். பிரான்சில் ஈபிள் கோபுரத்தில் அது எடுபடும். ஆல்ப்ஸ் மலையில் சூப் விற்கிறவரிடம் கியூஆர் அட்டை இருக்காது.

படி 3: ஊரில் பிராங்க் வாங்குவது

இதில்தான் வேலை அதிகம். ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

வாங்கும் இடம் இரண்டு. வெளிநாட்டுப் பணப் பிரிவு உள்ள வங்கிக் கிளை ஒன்று. எல்லாக் கிளையிலும் இருக்காது, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். இன்னொன்று ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற பணமாற்றுக் கடை. உரிமத்தின் நகலைக் கடையில் மாட்டியிருப்பார்கள், கண்ணில் படாவிட்டால் கேட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட், பான் அட்டை இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கான ஏ2 என்ற படிவத்தை அவர்களே தருவார்கள். பயணத் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள்தான் வாங்க முடியும்.

பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும்:

"அண்ணாச்சி, சுவிஸ் பிராங்க் இருக்கா?"

"கைல இல்ல. சொல்லிட்டுப் போங்க, வரவழைச்சித் தாரேன்."

"என்ன ரேட்டு?"

"வார அன்னைக்கு என்ன ரேட்டோ அதான்."

இங்கே தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். ரேட் தினமும் மாறும், அதை அவராலும் இன்றைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்கள் பேச வேண்டியது அதற்கு மேல் அவர் வைக்கும் லாபத்தைப் பற்றி. "அன்னைக்கு கூகிள்ல காட்டுற ரேட்டுக்கு மேல எத்தனை ரூபாய் வைப்பீங்க?" என்று கேளுங்கள். அதற்கு ஒரு எண் சொல்வார். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு கடையில் விசாரியுங்கள். கூகிள் காட்டுவது வங்கிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விலை, அந்த விலைக்கு நமக்கு யாரும் தரமாட்டார்கள். எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் கணக்கு.

உதாரணத்துக்கு, கூகிளில் ஒரு பிராங்க் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (உண்மை விலை இதற்கு மேலேதான் இருக்கும்). ஒரு கடையில் 103, விமான நிலையத்தில் 109. நமக்கு வேண்டியது 400 பிராங்க். கடையில் 41,200 ரூபாய், விமான நிலையத்தில் 43,600. வித்தியாசம் 2,400 ரூபாய். ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு வரி பில்லில் இருக்கும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் தொகையில் ஒரு சதவீதத்தின் மேல்தான் 18 சதவீதம் போடுவார்கள், குறைந்தது 45 ரூபாய். 41,200க்கு ஏறத்தாழ 74 ரூபாய் வரும். பணம் கரைவது வரியில் அல்ல, ரேட்டில்.

50,000 ரூபாய்க்குக் கீழே என்றால் ரூபாயை ரொக்கமாகவே கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். கார்டில் ஏற்றுவதையும் சேர்த்து ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். பனிச்சறுக்குக்குப் போகும் சாதாரணக் குடும்பத்தில் ஆளுக்கு அவ்வளவு வராது.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். திரும்பி வந்து மீதியை மாற்றும்போது கேட்பார்கள்.

திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ விமானம் ஏறும் முன் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு கூட்டம் உண்டு. நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு மூன்று மணி நேரம் காரில் போய், அங்கே பிராங்க் இருப்பு இல்லை என்று கேட்டுவிட்டு விமானம் ஏறுவதற்கு, ஊரிலேயே ஒரு வாரம் முன்னால் சொல்லிவைத்து வாங்குவது எவ்வளவோ மேல்.

இன்னொரு யோசனையும் நம் பக்கத்தில் சகஜம். "மைனியோட தம்பி சூரிச்லதான இருக்கான், அவன்கிட்ட பிராங்க் வாங்கிக்கிட்டு, இங்க அவங்க அப்பாகிட்ட ரூபாயைக் குடுத்துடுவோம்." கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அங்கே பெற்று இங்கே ஈடுகட்டுவது அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டப்படி தவறு. உறவுக்குள்தானே என்று சட்டம் விட்டுவிடாது.

படி 4: நோட்டுகளைக் கையில் வாங்கியதும் பாருங்கள்

சுவிஸ் நோட்டில் ஒரு சிக்கல் உண்டு. பழைய எட்டாவது வரிசை நோட்டுகள் 2021 ஏப்ரல் 30க்குப் பிறகு கடைகளில் செல்லாது. சுவிஸ் தேசிய வங்கிதான் மாற்றித் தரும். புது வரிசையை அடையாளம் காண்பது எளிது. அதில் மனிதர் முகம் இருக்காது. ஒவ்வொரு நோட்டிலும் ஒரு கை இருக்கும், பூமி உருண்டையும் இருக்கும். 10 மஞ்சள், 20 சிவப்பு, 50 பச்சை, 100 நீலம். முகம் அச்சிட்ட நோட்டைத் தந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெரும்பாலும் 10, 20 பிராங்க் நோட்டுகளாகக் கேளுங்கள், மிஞ்சிப்போனால் 50. இதைச் சொல்லிவைக்கும் நாளிலேயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நூறு பிராங்க் நோட்டு நான்கு வந்து நிற்கும். யூரோ வாங்குகிறவர்கள் 200, 500 நோட்டுகளைத் தொடவே வேண்டாம். 500 யூரோ நோட்டு வெளியிடுவதையே 2019இல் நிறுத்திவிட்டார்கள், கடைகளில் வாங்கத் தயங்குவார்கள்.

படி 5: மலையில் செலவு செய்வது

நாணயங்கள் ஊரில் கிடைக்காது. சூரிச்சில் இறங்கியதும் ஒரு காபி குடித்து 20 பிராங்க் நோட்டை உடையுங்கள், லாக்கருக்கும் கழிப்பறைக்கும் சில்லறை வந்துவிடும். கூடுதல் ரொக்கம் வேண்டுமென்றால் கீழே ஊரில் வங்கி ஏடிஎம்மில் எடுங்கள், மேலே போனால் ஏடிஎம் அரிது. ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு என்பதால் சிறுகச் சிறுக எடுக்க வேண்டாம்.

ஏடிஎம் திரை ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தொகையை அழுத்தியதும், "200 பிராங்க், உங்கள் ரூபாயில் இவ்வளவு" என்று ஒரு கணக்கு வரும். ரூபாயைப் பார்த்ததும் நமக்கு ஒரு நிம்மதி. ஒப்புக்கொள்ளும் பட்டன் பெரிதாகப் பச்சையில் இருக்கும், மறுக்கும் பட்டன் ஓரமாக இருக்கும். மறுப்பதைத்தான் அழுத்த வேண்டும். ஒப்புக்கொண்டால் அந்த ஏடிஎம்காரர் வைக்கும் ரேட்டில் ரூபாயாக மாற்றுவார்கள், அதில் நல்ல லாபம் அவர்களுக்கு. கார்டில் நீங்கள் பிராங்க் ஏற்றியிருந்தால் இன்னும் மோசம், பிராங்கை ரூபாயாக்கி மறுபடி பிராங்கில் கழிப்பார்கள். மறுத்தால் பணம் வராதோ என்று பயப்படாதீர்கள், பணம் வரும். கடையில் கார்டு மெஷினும் இதே கேள்வியைக் கேட்கும், பதிலும் அதேதான்: பிராங்க்.

யூரோ நோட்டைப் பல கடைகளில் வாங்குவார்கள், மீதியைப் பிராங்கில் தருவார்கள், ரேட் கடைக்காரர் இஷ்டம். உணவகத்தில் சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம், சில்லறையை முழுமையாக்கிக் கொடுத்தால் போதும்.

பை விஷயம். லிப்ட் பாஸை ஜாக்கெட்டின் இடது பையில் தனியாக வையுங்கள். கதவில் உள்ள கருவி அந்தப் பக்கமிருந்துதான் அதைப் படிக்கும். நாணயமும் போனும் சேர்ந்து கிடந்தால் படிக்காமல் நிற்கும், உங்களுக்குப் பின்னால் வரிசையும் நிற்கும். நாணயங்கள் வலது பையில், கார்டும் பெரிய நோட்டும் உள்பையில். குளிரில் போன் பேட்டரி வேகமாக இறங்கிவிடும், ஆகவே போனில் உள்ள கார்டை மட்டும் நம்பி மேலே ஏறாதீர்கள்.

ஜார்ஜியா, கஜகஸ்தான் போகிறவர்களுக்கு

ஜார்ஜியாவின் பனிச்சறுக்கு ஊரான குடௌரியில் செல்லும் பணம் லாரி, கஜகஸ்தானின் ஷிம்புலாக்கில் டெங்கே. இரண்டையும் இங்கே தேடி அலைய வேண்டாம். டாலர் வாங்கிக்கொண்டு போய், மலையேறும் முன்பே திபிலிசியிலோ அல்மாட்டியிலோ மாற்றிவிடுங்கள். டாலர் நோட்டு மடிப்பு, கிறுக்கல், கிழிசல் இல்லாமல் இருக்க வேண்டும். 100 டாலர் நோட்டு என்றால் நடுவில் நீலப் பட்டை உள்ள, 2013இல் வெளிவந்த புது வடிவத்தையே கேட்டு வாங்குங்கள். பழைய நோட்டைப் பல இடங்களில் தள்ளிவிடுவார்கள்.

படி 6: மீதி

நாணயங்களை நம் ஊர்ப் பணமாற்றுக் கடை வாங்காது. கடைசி நாள் விமான நிலையத்தில் இருக்கும் சில்லறை முழுவதையும் கொட்டிக் கொடுத்து, குறைகிற தொகையைக் கார்டில் கட்டிச் சாக்லேட் வாங்கிவிடுங்கள். இரண்டையும் சேர்த்து வாங்க மாட்டேன் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்.

நோட்டு மிஞ்சினால், திரும்பிய 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு என்று கையிலேயே வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. கடைக்காரர் நம்மிடம் வாங்கும் ரேட் அவர் விற்கும் ரேட்டைவிடக் குறைவு என்பதால், ஐம்பது அறுபது பிராங்குக்காக ஓட வேண்டியதில்லை. பில்லோடு சேர்த்துப் பாஸ்போர்ட் உறையில் போட்டு வையுங்கள். அடுத்த சீசனுக்குத் தெருவில் யாராவது கிளம்பினால் அவர்களும் அண்ணாச்சி கடைக்குத்தான் போக வேண்டும், உங்களிடம் வாங்கிக்கொள்ளக் கூடாது. அதற்கும் உரிமம் வேண்டும்.