லோகோவ விடுங்க, நம்பர பாருங்க: உணவு முத்திரையும் அங்ககச் சான்றும் புரிஞ்சுக்கிறது எப்படி

போன தை மாசம் ஒரு கண்காட்சில மஞ்சத்தூள் வாங்குனேன். கால் கிலோ பாக்கெட், பச்ச கவர், மேல ரெண்டு இல போட்ட ஒரு லோகோ, கீழ "100% ஆர்கானிக்"னு கொட்ட எழுத்து. வீட்டுக்கு வந்து சும்மா உக்காந்திருந்த நேரத்துல பின்னாடி இருந்த 14 இலக்க நம்பர போன்ல போட்டு பாத்தா அது ஏதோ ஒரு பேக்கரியோட லைசன்ஸ், அதுவும் காலாவதியாகி ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த ரெண்டு இல லோகோ? அது எந்த சர்க்காரோடதும் இல்ல, கவர் டிசைன் பண்ணவரு சொந்தமா வரஞ்சது.

எனக்கு ஏன் இதெல்லாம் நோண்டுற பழக்கம்னா, எங்க மாமா கோபி பக்கம் ஒன்றரை ஏக்கர்ல மஞ்சள் போடுறாரு, அவருக்கு அங்ககச் சான்று, அதாவது ஆர்கானிக் சர்டிபிகேட், வாங்க மூணு வருஷமா ஃபைல தூக்கிட்டு அலஞ்சது நான்தான். வாங்குறவங்க பக்கமும் பாத்தாச்சு, விக்கிறவங்க பக்கமும் பாத்தாச்சு. தெரிஞ்சத எழுதிடுறேன், யாருக்காவது அலைச்சல் மிச்சமாகட்டும்.

முதல்ல எல்லா பாக்கெட்லயும் இருக்கிற எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர். எஃப்எஸ்எஸ்ஏஐங்கிறது நாட்டோட உணவு பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம், 2006ல வந்த உணவு பாதுகாப்பு, தர நிர்ணய சட்டத்துக்கு கீழ அவங்க குடுக்கிற நம்பர் இது. நெறைய பேரு "எஃப்எஸ்எஸ்ஏஐ அப்ரூவ்டு"ன்னு பெருமையா போடுறாங்க, அத பாத்து தரமான பொருள்னு நெனச்சுடாதீங்க. அது வியாபாரம் பண்றதுக்கு குடுத்த அனுமதி, அவ்வளவுதான். வண்டிக்கு நம்பர் பிளேட் இருக்குங்கிறதுக்காக டிரைவர் நல்லா ஓட்டுவாருன்னு அர்த்தமா? ஆனா நம்பர் பிளேட்டே இல்லாத வண்டில ஏறவும் கூடாது.

அந்த 14 இலக்கத்த படிக்கத் தெரிஞ்சா கொஞ்சம் விஷயம் கெடைக்கும். முதல் இலக்கம் 1னா லைசன்ஸ், 2னா சின்ன வியாபாரிகளுக்கான பதிவு. அடுத்த ரெண்டு இலக்கம் எங்க குடுத்ததுன்னு சொல்லும், 24னா தமிழ்நாடு, 00னா மத்திய லைசன்ஸ். அதுக்கடுத்த ரெண்டும் வருஷம். அப்போ 12418ன்னு ஆரம்பிச்சா தமிழ்நாட்டுல 2018ல வாங்குன லைசன்ஸ். "எங்க ஊரு பாட்டி கைமணம், வீட்டுலயே செஞ்சது"ன்னு போட்டுட்டு நம்பர் 100ன்னு ஆரம்பிச்சா, பாட்டி கொஞ்சம் பெரிய ஃபேக்டரி வெச்சிருக்காங்கன்னு புரிஞ்சுக்கலாம். தப்பில்ல, ஆனா கவர்ல இருக்கிற கதைக்கும் நம்பருக்கும் ஒத்துப்போகல பாருங்க. சில பாக்கெட்ல ரெண்டு நம்பர் இருக்கும், ஒண்ணு தயாரிச்சவங்களோடது, இன்னொண்ணு பேரு ஒட்டி விக்கிறவங்களோடது. நான் பாக்குறது தயாரிச்சவங்க நம்பர. ஃபுட் சேஃப்டி கனெக்ட்னு எஃப்எஸ்எஸ்ஏஐயோட ஆப் ஒண்ணு இருக்கு, நம்பர போட்டா யாரு பேருல இருக்கு, உயிரோட இருக்கா, செத்துப்போச்சான்னு காட்டும், புகாரும் அதுலயே குடுக்கலாம். 2022 ஜனவரில இருந்து பில்லுலயும் இந்த நம்பர் இருக்கணும்னு ரூல், அதனால ஓட்டல் பில்லயும் ஒரு தடவ திருப்பி பாருங்க.

அக்மார்க் வேற கத. வெள்ளக்காரன் காலத்து சட்டம், 1937. இது கடைக்கோ கம்பெனிக்கோ குடுக்கிறது இல்ல, பொருளோட கிரேடுக்கு குடுக்கிறது. உதாரணத்துக்கு தேன எடுத்துக்கிட்டா ஸ்பெஷல், ஏ கிரேடு, ஸ்டாண்டர்டுன்னு மூணு இருக்கு, மூணுமே அக்மார்க்தான். நம்மாளுங்க அக்மார்க் முத்திரைய பாத்ததும் பாட்டில எடுத்து கூடையில போட்டுடுறாங்க, பக்கத்துல கிரேடு என்ன எழுதியிருக்குன்னு பாக்குறதில்ல. முத்திரையோட சேத்து சிஏ நம்பரும் (முத்திரை போட அனுமதி குடுத்த சான்றோட நம்பர்) வரிச எண்ணும் இருக்கணும், வெறும் படம் மட்டும் இருந்தா சந்தேகப்படுங்க. பெரும்பாலான பொருளுக்கு இது விருப்பப்பட்டா வாங்குறதுதான், ஆனா ரெண்டு எண்ணெய கலந்து விக்கிற சமையல் எண்ணெய்க்கு கட்டாயம். தவிட்டெண்ணெயும் சூரியகாந்தியும் கலந்ததுன்னு போட்டுட்டு அக்மார்க் இல்லாம இருந்தா வாங்காதீங்க.

கேன் தண்ணிக்கு ஐஎஸ்ஐ. முத்திரைக்கு மேல ஐஎஸ் 14543, கீழ சிஎம்/எல்னு ஒரு லைசன்ஸ் நம்பர் இருக்கும், அத ஐஎஸ்ஐ முத்திரை குடுக்கிற பிஐஎஸ்ஸோட பிஐஎஸ் கேர்ங்கிற ஆப்ல போட்டு பாக்கலாம். 2024 அக்டோபர்ல இத கட்டாயத்துல இருந்து எடுத்துட்டாங்க, அதனால ஐஎஸ்ஐ இல்லாத கேன் எல்லாம் டூப்ளிகேட்னு சொல்ல முடியாது. நான் இன்னும் பாத்துதான் வாங்குறேன்.

ஈரோடு மஞ்சளுக்கு 2019ல கெடச்ச புவிசார் குறியீட ஆர்கானிக் சான்றுன்னு நெனைக்கிறவங்களும் இருக்காங்க. அது எந்த ஊரு சரக்குன்னு சொல்றது, மருந்து அடிச்சாங்களா இல்லையான்னு சொல்றது இல்ல. ஐஎஸ்ஓ 22000 கவர்ல போட்டிருந்தா அது தயாரிக்கிற முறைக்கு, உள்ள இருக்கிற பொருளுக்கு இல்ல. "நேச்சுரல்", "பியூர்", "பாரம்பரியம்" இந்த வார்த்தைகளுக்கெல்லாம் 2018ல இருந்து விளம்பர விதி இருக்கு, இருந்தும் யாரும் அடங்குற மாதிரி தெரியல. 2024 ஆகஸ்ட்ல பால் பாக்கெட்ல ஏ1, ஏ2ன்னு (பால்ல இருக்கிற புரதத்தோட வகை) போடாதீங்கன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லி ஒரு வாரத்துக்குள்ள வாபஸ் வாங்குனாங்க, அவங்களுக்கே அந்த கதின்னா நாம என்ன பண்றது.

சரி, ஆர்கானிக். இதுலதான் காசும் ஏமாத்தும் அதிகம். இந்தியாவுல முறையான வழி ரெண்டு.

ஒண்ணு என்பிஓபி, அதாவது தேசிய அங்கக உற்பத்தித் திட்டம், 2001ல வந்தது, வர்த்தக அமைச்சகத்துக்கு கீழ இருக்கிற அபெடாங்கிற வேளாண் ஏற்றுமதி ஆணையம் நடத்துறது. வெளியாளு ஒருத்தர் வந்து தோட்டத்த பாத்து சான்று குடுப்பாரு. தனியார் நிறுவனங்களும் குடுக்கிறாங்க, நம்ம தமிழ்நாட்டுல சர்க்காரே 2007ல இருந்து கோயம்புத்தூர தலைமையிடமா வெச்சு குடுக்குது, அங்ககச் சான்றுத்துறைன்னு சொல்லுவாங்க, இப்போ விதைச்சான்றோட சேந்த துறை. ரெண்டாவது பிஜிஎஸ், விவசாயிங்களே பங்கெடுத்து உறுதி குடுக்கிற முறை, வேளாண் அமைச்சகத்தோடது, 2011ல இருந்து. இதுல வெளியாளு கெடையாது, பக்கத்து பக்கத்து விவசாயிங்க அஞ்சு பேராவது குழுவா சேந்து ஒருத்தர் தோட்டத்த இன்னொருத்தர் பாத்து கையெழுத்து போடுறது. மாற்றுக்காலத்துல (ரசாயனத்த விட்டு ஆர்கானிக்குக்கு மாறிட்டிருக்கிற வருஷங்கள்) இருந்தா பிஜிஎஸ் கிரீன், முழுசா மாறுனதும் பிஜிஎஸ் ஆர்கானிக்.

எது நல்லதுன்னு கேட்டா, எங்க விக்கப்போறீங்கன்னு நான் திருப்பி கேப்பேன். உழவர் சந்தையிலயும் பக்கத்து ஊருலயும் காய்கறி விக்க பிஜிஎஸ் போதும், செலவும் கம்மி. பிஜிஎஸ் வெச்சு ஏற்றுமதி பண்ண முடியாது, அதுக்கு என்பிஓபிதான் வேணும். "பக்கத்து தோட்டத்துக்காரனே பாத்து கையெழுத்து போட்டா சும்மா போட்டு குடுத்துட மாட்டானா"ன்னு கேப்பீங்க. குடுக்கிறவனும் இருக்கான்தான், ஆனா ஒண்ணு சொல்றேன், வருஷத்துக்கு ஒரு தடவ வந்துட்டு போற ஆபீசர விட பக்கத்து தோட்டத்துக்காரனுக்குதான் நீங்க ராத்திரி எட்டு மணிக்கு என்ன அடிச்சீங்கன்னு தெரியும்.

வாங்குறவங்க பாக்க வேண்டியது இதுதான்: ஆர்கானிக்னு போட்டிருந்தா சான்று குடுத்த நிறுவனத்தோட பேரு இருக்கணும், என்பிஓபின்னா என்பிஓபி/என்ஏபின்னு ஆரம்பிக்கிற அங்கீகார எண் இருக்கணும். லோகோ படம் அப்பப்போ மாறும், புதுசு புதுசா வரும், அதனால படத்த மனப்பாடம் பண்ணி பிரயோஜனம் இல்ல.

இப்போ என்பிஓபி சான்று வாங்க நெனைக்கிற விவசாயிங்களுக்கு. மாவட்டத்துல விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்று உதவி இயக்குநர் ஆபீஸ் இருக்கும், அங்க போங்க. விண்ணப்பம் மூணு காப்பி, நெலத்தோட பட்டா சிட்டா, மண்ணு பரிசோதனை, பாசனத் தண்ணி பரிசோதனை, வருஷத்துக்கான பயிர்த்திட்டம், ஆதார், பான், போட்டோ, துறையோட போடுற ஒப்பந்தம், அப்புறம் தோட்டத்து வரைபடம். கட்டணம் சிறு குறு விவசாயிக்கு சில ஆயிரத்துல முடியும், அதுக்கு பயந்து ஓடாதீங்க.

வரைபடம்னதும் மாமா ஏதோ சர்வேயர கூப்பிடணும்னு நெனச்சு ஒரு மாசம் ஒத்திப்போட்டாரு. ஒண்ணும் வேண்டாம், கையாலயே போடலாம், நாங்க பழைய காலண்டர் தாளுக்கு பின்னாடி ஒரு தடவ போட்டு பாத்துட்டு அப்புறம் வெள்ளத்தாள்ல போட்டோம். சர்வே நம்பர், கெணறு எங்க, தண்ணி எந்த பக்கம் இருந்து வருது, மாட்டுக்கொட்டாய், உரக்குழி, நாலு பக்கமும் யாரு தோட்டம் அதுல என்ன வெள்ளாமன்னு எழுதணும். அந்த கடைசி விஷயம்தான் முக்கியம், ஏன்னா ஆய்வாளர் வந்ததும் மஞ்சள பாக்கல, நேரா வரப்புக்குதான் போனாரு. மேக்கால தோட்டத்துல வாழ, களைக்கொல்லி அடிக்கிறவரு, காத்து இந்த பக்கம்தான் அடிக்கும். நடுவுல ஒரு பட்டைய ஒதுக்கி அகத்தியும் சோளமும் போடச் சொன்னாங்க, அந்த பட்டையில வெளையுறத ஆர்கானிக்னு விக்கக் கூடாது, தனியா அறுத்து தனியா வெக்கணும். மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர்ல அதுவும் போகுதேன்னு கடுப்பு.

மாற்றுக்காலம்னு ஒண்ணு இருக்கு. வருஷப் பயிருக்கு வெதைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம், தென்ன மாதிரி நீண்டகாலப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன்னாடி மூணு வருஷம். அந்த காலத்துல மகசூலும் கொறையும், ஆர்கானிக் வெலையும் கெடைக்காது. விட்டுட்டு போறவங்க எல்லாம் இந்த எடத்துலதான் போறாங்க, அதனால மொத்த நெலத்தையும் ஒரேயடியா மாத்துறதுக்கு முன்னாடி கைல காசு இருக்கான்னு யோசிங்க.

நாங்க மாட்டுனது எங்கன்னா சாக்குல. எல்லாம் சரியா பண்ணியாச்சு, வெதமஞ்சள சூடோமோனாஸ்ங்கிற நுண்ணுயிர் கரைசல்ல நனச்சு நட்டோம், மீன் அமிலம், பஞ்சகவ்யா, எல்லாம் டைரில எழுதியாச்சு. ஆய்வாளர் குடோனுக்குள்ள எட்டி பாத்தாரு, வெதமஞ்சள் கட்டி வெச்சிருந்தது பழைய யூரியா சாக்குல. மாமா அத நல்லா கழுவி காய வெச்ச சாக்குன்னு சொல்றாரு, அவரு சிரிச்சுட்டே எழுதிக்கிட்டாரு. புது சாக்கு வாங்கி மாத்துன பின்னாடிதான் நகந்துச்சு. ஸ்ப்ரேயரும் அதே மாதிரிதான், பக்கத்து தோட்டத்துல இரவல் வாங்குன ஸ்ப்ரேயர்ல பஞ்சகவ்யா அடிச்சாலும் உள்ள அவங்க அடிச்ச மருந்து ஒட்டியிருக்கும், சொந்தமா ஒண்ணு வாங்கிடுங்க. மஞ்சள வேக வெச்சு காய வெச்சு பாலிஷ் போடுற டிரம் வாடகைக்கு எடுத்தா, நமக்கு முன்னாடி யாரு போட்டாங்கன்னு கேட்டு, சுத்தம் பண்ண வெச்சு, அதையும் தேதி போட்டு எழுதி வெக்கணும்.

இன்னொண்ணு, பலபேருக்கு இது தெரியாது. தோட்டத்துக்கு வாங்குன சான்று கெழங்குக்கு மட்டும்தான். அத அரச்சு தூளாக்கி ஆர்கானிக் லோகோ போட்டு விக்கணும்னா அரைக்கிற மில்லுக்கும் சான்று வேணும். தோட்டம் என்னதான் சுத்தமா இருந்தாலும் நடுவுல ஒரு கை மாறுனா சங்கிலி அறுந்துரும். ஏற்றுமதிக்கு போற சரக்குன்னா ஒவ்வொரு லோடுக்கும் தனியா பரிவர்த்தனைச் சான்று வேற எடுக்கணும்.

சான்று ஒரு வருஷத்துக்குதான், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். டைரிய அன்னன்னைக்கே எழுதுங்க, ரெண்டே வரி போதும், என்ன தேதி, எந்த பாத்தி, என்ன போட்டது, எங்க வாங்குனது, பில்ல அதுலயே பின் பண்ணிடுங்க. மாமா நேத்து போன் பண்ணாரு, அடுத்த வெள்ளிக்கிழம ஆய்வாளர் வர்றாராம், டைரில மார்கழி மாசம் பூரா காலியாம், என்னத்த எழுதுறதுன்னு கேக்குறாரு. எழுதலைன்னா எழுதலைன்னே சொல்லிடுங்க மாமா, ஒரே பேனால ஒரே மையில முப்பது நாளையும் உக்காந்து எழுதுனா அவருக்கு தெரியாமயா போகும்னு சொல்லியிருக்கேன்.