டிடிடி பழகும்போது சறுக்கும் இடங்கள்: ஒரு தமிழ் எண் பயிற்சியை வைத்து

முதலில் டெஸ்டை (கோட் சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் சின்ன நிரலை) எழுது, அது ஃபெயில் ஆவதைப் பார், பாஸ் ஆகும் அளவுக்கு மட்டும் கோட் எழுது, அப்புறம் கோடைச் சீர்செய். டெஸ்ட் டிரிவன் டெவலப்மென்ட்டுக்கு, சுருக்கமாக டிடிடிக்கு, விதி இவ்வளவுதான். சிவப்பு (ஃபெயில்), பச்சை (பாஸ்), ரீஃபாக்டர் (சீர்செய்வது) என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார்கள். 1990களில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்கும் முறையோடு சேர்த்து இதைப் பரவலாக்கிய கென்ட் பெக், இது தன் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்வதில்லை, மறுபடி கண்டெடுத்தது என்றே சொல்கிறார். விதியைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். கைக்கு வருவதற்குள்தான் பலர் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

பழகுவதற்கென்றே சில சின்னக் கணக்குகள் உண்டு. ஃபிஸ்பஸ், லீப் ஆண்டு, ரோமன் எண், பௌலிங் ஸ்கோர் எல்லாம் அந்த வகை. இவற்றைக் கட்டா என்பார்கள். கராத்தேயில் ஒரே அசைவு வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுவதற்குள்ள பெயர் அது; நிரலாக்கத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் டேவ் தாமஸ். சிலம்பத்தில் காலடி போட்டுப் பழகுவதை நினைத்துக்கொண்டால் நமக்கு எளிதாகப் புரியும்.

ரோமன் எண்ணுக்குப் பதிலாக, புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் பழைய தமிழ் எண்முறையைக் கொடுக்கிறேன். 1 முதல் 9 வரை ௧, ௨, ௩ என்று ஒன்பது குறிகள். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. இருபது என்றால் ௨௰. தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கையான 247ஐ ௨௱௪௰௭ என்று எழுத வேண்டும். ஒரு எண்ணைக் கொடுத்தால் இப்படி எழுதித் தரும் ஃபங்ஷன் வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. இரண்டு இடத்தில் வழுக்கும். பத்து என்பது வெறும் ௰, ௧௰ அல்ல. 105 என்பது ௱௫, நடுவில் பூஜ்யத்துக்குக் குறி கிடையாது.

விடை தெரிந்துவிட்டதே என்ற அவசரம்

கணக்கைப் படித்ததுமே ஆயிரத்தால் வகுத்து, நூறால் வகுத்து, மீதியை எடுத்து என்று தலைக்குள் முழு லூப்பும் ஓடிவிடுகிறது. அதனால் முதல் டெஸ்டே 247 என்று எழுதுகிறோம். அதைப் பாஸ் ஆக்க இருபது வரி வேண்டும். இருபது வரியில் எங்கோ ஒரு இடத்தில் பிசகுகிறது, அரை மணி நேரம் பிரிண்ட் போட்டுத் தேடுகிறோம். கடைசியில் பச்சை வந்ததும் "நான் எப்போதும் இப்படித்தானே எழுதுகிறேன், டெஸ்டை முன்னால் வைத்ததில் என்ன வந்தது?" என்று தோன்றுகிறது. நியாயமான கேள்வி. ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் பழக வந்தது லூப் எழுதுவதற்கு அல்லவே.

சரி, முதல் டெஸ்ட் என்ன? 1 கொடுத்தால் ௧ வர வேண்டும். அதைப் பாஸ் ஆக்க ஃபங்ஷனுக்குள் ஒரே வரி: ௧ஐத் திருப்பிக் கொடு. கொடுத்த எண்ணைப் பார்க்கக்கூட வேண்டாம். இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள், "இது ஏமாற்று வேலை இல்லையா?" என்பார்கள். இல்லை. ஃபைல் சரியான இடத்தில் இருக்கிறதா, டெஸ்ட் ஓடுகிறதா, எழுத்துரு அந்தக் குறியைக் காட்டுகிறதா, ஃபங்ஷன் பெயர் பொருந்துகிறதா என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது. அடுத்து 2க்கு டெஸ்ட் எழுதினால் அந்தப் பொய் உடைகிறது. அப்போது ஒன்பது குறிகளையும் ஒரு பட்டியலாகப் போடுகிறோம். பொய்யை உடைக்கும் டெஸ்ட் எது என்று யோசிப்பதே இங்கே பழக வேண்டிய திறமை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பட்டியல் வந்த பிறகும் 3க்கு ஒன்று, 4க்கு ஒன்று என்று 9 வரை தனித்தனி டெஸ்ட் எழுதுவது. அவை எல்லாம் பிறக்கும்போதே பச்சை. ஒரு வரிக் கோடும் அவற்றால் மாறுவதில்லை. பட்டியலின் கடைசி முனை சரியா என்று பார்க்க 9க்கு ஒன்று போதும். அடுத்த அடி 10. அடி சின்னதாக இருக்கட்டும், ஆனால் நகர வேண்டும்.

சிவப்பைப் பார்க்காத பச்சை

என் கணக்கில் மிகவும் கெடுதலான தவறு இது. நானே மாட்டியிருக்கிறேன்.

பைத்தானில், டெஸ்டுகளை ஓட்டும் பைடெஸ்ட் கருவியை வைத்து இதே பயிற்சியைச் செய்துகொண்டிருந்தேன். ஆறு டெஸ்டுக்கு ஆங்கிலத்தில் பெயர். ஏழாவதற்கு, தமிழ் எண்ணுக்குத் தமிழ்ப் பெயரே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு சோதனை_நூற்றைந்து என்று வைத்தேன். பைத்தான் 3 தமிழ்ப் பெயரை ஏற்றுக்கொள்ளும், அதில் குறையில்லை. ஓட்டினேன், பச்சை. மகிழ்ச்சியாக அடுத்ததற்குப் போய்விட்டேன். மறுநாள் சும்மா 105 கொடுத்துப் பார்த்தால் ௱௰௫ வருகிறது. அதாவது 115. பத்தாம் இடத்து எண் 1ஆக இருந்தால் முன்னால் குறி வேண்டாம் என்று எழுதிய நான், அது 0ஆக இருந்தால் ௰ஐயே போடக் கூடாது என்பதை மறந்திருந்தேன்.

டெஸ்ட் இருந்ததே, ஏன் பிடிக்கவில்லை? பைடெஸ்ட் வழக்கமாக டெஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் ஃபங்ஷன்களை மட்டுமே எடுத்து ஓட்டும். அமைப்பில் இதை மாற்றிக்கொள்ளலாம், நான் மாற்றவில்லை. என் ஏழாவது டெஸ்ட் ஓடவே இல்லை. திரையில் ஆறு பாஸ் என்று தெளிவாகத்தான் போட்டிருந்தது. நிறத்தைப் பார்த்த கண் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை.

இதற்கு அண்ணன் தம்பிகள் நிறைய. டெஸ்டை நகல் எடுத்து ஒட்டிவிட்டுப் பெயரை மாற்ற மறந்தால், பைத்தானில் ஒரே ஃபைலில் உள்ள இரண்டு ஃபங்ஷனில் பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும், சத்தமே வராது. அசர்ட் (விடை சரியா என்று பார்க்கும் வரி) எழுதும்போது ஒப்பீட்டையும் பிழைச் செய்தியையும் சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் காற்புள்ளி போட்டு எழுதினால், அது எப்போதும் உண்மையாகிவிடும். ஒரு எச்சரிக்கை வரும். எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

மருந்து ஒன்றேதான். கோடைத் தொடும் முன் டெஸ்டை ஓட்டி, எதிர்பார்த்த காரணத்துக்காக ஃபெயில் ஆகிறதா என்று பாருங்கள். ஃபெயில் ஆனால் மட்டும் போதாது, காரணம் முக்கியம். "௱௫ எதிர்பார்த்தேன், ௱௰௫ வந்தது" என்று சொன்னால் அது சரியான சிவப்பு. "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று வந்தால் எங்கோ தட்டச்சுப் பிழை, இன்னும் எதையும் சோதிக்கவில்லை.

இன்னொரு வகைப் போலிப் பச்சையும் உண்டு. எதிர்பார்க்கும் விடையைக் கையால் எழுதச் சோம்பல்பட்டு, டெஸ்டுக்குள்ளேயே ஒரு லூப் போட்டு, பத்தால் வகுத்து, விடையைக் கணக்கிட்டு ஒப்பிடுவது. ஒரே தலையில் பிறந்த இரண்டு கோடும் ஒரே தவறைச் செய்யும். இரண்டும் பத்துக்கு ௧௰ என்று சொல்லி, ஒன்றையொன்று பார்த்துத் தலையாட்டும். டெஸ்டில் விடை கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக இருக்கட்டும்.

உதாரணம் எடுப்பதில் கஞ்சத்தனம்

லீப் ஆண்டுக் கட்டாவில் 2023, 2024 என்று இரண்டை மட்டும் சோதித்து முடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்கால் வகுபடுகிறதா என்று மட்டும் பார்க்கும் கோட் அதில் பாஸ் ஆகிவிடும். விதியே 1900, 2000 இரண்டிலும்தான் இருக்கிறது: நூறால் வகுபட்டால் லீப் இல்லை, நானூறால் வகுபட்டால் உண்டு. இது புதியவர்கள் மட்டும் இடறும் இடம் என்று நினைக்க வேண்டாம். எக்செலில் 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத ஒரு நாள் இன்றும் இருக்கிறது. எக்செலுக்கு முந்தைய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 அந்த ஆண்டை லீப் என்று எடுத்துக்கொண்டது, அதன் கோப்புகளோடு ஒத்துப்போக எக்செலும் அப்படியே வைத்துக்கொண்டது.

சொல்லைத் திருப்பிப் போடும் பயிற்சியில் நமக்கே உரிய குழி ஒன்று. ஆங்கிலச் சொல்லை மட்டும் வைத்து டெஸ்ட் எழுதினால் எல்லாம் பச்சை. "அம்மா" என்று கொடுத்துப் பாருங்கள். நாம் மூன்று எழுத்து என்று எண்ணுவதைப் பைத்தான் ஐந்து என்று எண்ணும், ஏனென்றால் புள்ளியும் துணைக்காலும் அதற்குத் தனித்தனி. அப்படியே திருப்பினால் துணைக்கால் முதலில் வந்து தனியாக நிற்கும். கோட் எழுதும் முன் "மாம்அ என்றுதான் வர வேண்டுமா?" என்று யோசிக்க வைப்பது அந்த டெஸ்ட். அந்த யோசனைக்காகத்தான் டெஸ்டை முன்னால் எழுதுகிறோம்.

மூன்றாவது படி

ரீஃபாக்டரைத் தாண்டிப் போவதே வழக்கம். பச்சை வந்தாயிற்று, அடுத்த டெஸ்ட், அடுத்த டெஸ்ட் என்று போனால் முடிவில் ஃபங்ஷனுக்குள் பதினைந்து இஃப் நிற்கும். "டிடிடி செய்தால் கோட் அசிங்கமாக வருகிறது" என்று புகார் சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எப்போது துடைத்தீர்கள்?

ஆனால் அவசரமாகத் துடைப்பதும் தவறு. தமிழ் எண் பயிற்சியில் பத்துக்கு ஒரு இஃப் வந்ததுமே, நாளைக்கு நூறும் ஆயிரமும் வரும் என்று பெரிய அமைப்பைக் கட்டத் தொடங்குவார்கள். கொஞ்சம் பொறுங்கள். நூறுக்கு அதே மாதிரி இன்னொரு துண்டு வரட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மதிப்பும் குறியும் மட்டுமே வேறு என்பது தானாகவே கண்ணில் படும். 100க்கு ௱, 10க்கு ௰ என்று ஒரு பட்டியல் போட்டு ஒரே லூப்பாக்கிவிடலாம். ஆயிரம் வரும்போது பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

சிவப்பில் இருக்கும்போது மட்டும் ரீஃபாக்டர் செய்யாதீர்கள். பாதி மாற்றிய கோடும் ஃபெயில் ஆன டெஸ்டும் சேர்ந்தால் எது எதை உடைத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆசை தாங்கவில்லையென்றால் புது டெஸ்டைத் தற்காலிகமாக மூடிவைத்து, பச்சைக்குத் திரும்பி, துடைத்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு பச்சைக்கும் கிட்டில் ஒரு கமிட் (திரும்பிவரக்கூடிய சேமிப்பு) போட்டுவைத்தால் தைரியம் தானாக வரும். இரண்டு நிமிட வேலையைத் தூக்கி எறிய யாருக்கும் வலிக்காது.

ஃபங்ஷனுக்கு உள்ளே இருக்கும் பட்டியலையும் துணை ஃபங்ஷன்களையும் தனித்தனியாகச் சோதிக்கிறவர்கள் இந்தப் படியில்தான் திண்டாடுவார்கள். வெளியே 247க்கு ௨௱௪௰௭ சரியாக வருகிறது, ஆனால் பட்டியலின் பெயரை மாற்றியதற்கு நான்கு டெஸ்ட் ஃபெயில். கூப்பிடுபவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை மட்டும் சோதியுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. பழகும் நேரத்தில் எடிட்டரில் உள்ள ஏஐ உதவியை அணைத்துவையுங்கள். ஃபிஸ்பஸ் என்று தட்டச்சு செய்ததுமே முழு விடையையும் கொட்டிவிடும். மாக் (டெஸ்டுக்கான போலிப் பாகம்), கவரேஜ் அறிக்கை (எந்தெந்த வரி டெஸ்டில் ஓடியது என்ற கணக்கு) போன்றவை முதல் மாதத்துக்கு வேண்டாம். புது மொழியையும் டிடிடியையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம், எது கஷ்டம் கொடுக்கிறது என்றே தெரியாது.

ஒரு முறை செய்து முடித்துவிட்டு "தமிழ் எண் ஆயிற்று, அடுத்து என்ன?" என்று கேட்பதையும் தவறு என்றே சொல்வேன். மறுநாள் கோடை அழித்துவிட்டு, வேறு டெஸ்டிலிருந்து தொடங்குங்கள். நான் ஒரு முறை 1க்குப் பதிலாக 10, 20, 30 என்று தொடங்கினேன். பத்துக்கு முன்னால் நிற்கும் எண்ணும் ஒரு எண்தானே என்று பட்டது. அதைப் பட்டியலிலிருந்து எடுக்காமல், அதே ஃபங்ஷனையே மறுபடி கூப்பிட்டு வாங்கினேன். கோட் பாதியாகச் சுருங்கியது.

ஆயிரம் வரைக்கும் வந்த பிறகு, பத்தாயிரத்துக்கு ஒரு டெஸ்ட் எழுதினேன். பழைய முறையில் பத்தாயிரம் என்பது ௰௲. எப்படியும் சிவப்பு வரும் என்று ஓட்டினால், கோடைத் தொடாமலே பச்சை. ஆயிரத்துக்கு முன்னால் நிற்கும் 10ஐ அந்த ஃபங்ஷன் தானே ௰ ஆக்கிவிட்டிருந்தது. நம்பிக்கை வரவில்லை. எண்ணிக்கையைப் பார்த்தேன், ஒன்று கூடியிருந்தது. பிறகு பட்டியலில் ஆயிரத்தின் வரியை வேண்டுமென்றே அழித்துவிட்டு ஓட்டினேன். சிவப்பு வந்தது. வரியைத் திரும்பப் போட்டு, கமிட் செய்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.